சத்துமாவும் திரிபோஷாவும்: கர்ப்பிணிக்கு உணவைச் சொல்லித்தரும் இரண்டு வழிகள்

கர்ப்பிணிப் பெண் என்ன சாப்பிட வேண்டும் என்பதைத் தமிழில் அச்சடித்து, அவள் வீட்டு வாசல்வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் அரசு அமைப்புகளில் தமிழ்நாடும் இலங்கையும் முன்னால் நிற்கின்றன. இரண்டு இடங்களிலும் ஊருக்கென்று ஒரு பெண் ஊழியர் இருக்கிறார். மாவுப் பொட்டலம், இரும்புச்சத்து மாத்திரை, எடை பார்க்கும் நாள், குறித்து வைக்க ஓர் அட்டை எல்லாம் இரு பக்கமும் உண்டு. முருங்கை இரண்டு கரையிலும் வேலியோரம் நிற்கிறது. பப்பாளிப் பழத்தைக் கண்டால் பதறும் மாமியாரும் இரண்டு கரையிலும் இருக்கிறார். இவ்வளவு ஒற்றுமை இருந்தும், இரு பக்கத்துக் கையேடுகளையும் அட்டைகளையும் அருகருகே வைத்துப் படித்தால் அவை பேசும் விதம் வெவ்வேறாக இருக்கிறது. தமிழ்நாட்டின் பாடம் கைநிறையப் பொருளோடு வந்து எல்லாக் கர்ப்பிணிகளிடமும் ஒரே குரலில் பேசுகிறது. இலங்கையின் பாடம் ஒரு பதிவேட்டோடு வந்து ஒருத்தியிடம் பேசுகிறது. இத்தகைய துண்டறிக்கைகளுக்கு வாசகம் எழுதும் வேலையில் இருப்பவள் என்பதால் இந்த வேறுபாடு எனக்கு முக்கியமாகப் படுகிறது. எது எங்கே பலன் தருகிறது, எது எங்கே கைவிடுகிறது என்று தெரிந்தால் அடுத்த துண்டறிக்கையை இன்னும் நன்றாக எழுதலாம்.

வேறுபாட்டின் வேர் வரலாற்றில் இருக்கிறது. இலங்கையில் முதல் சுகாதாரப் பிரிவு 1926ல் களுத்துறையில் தொடங்கியது. அதன் வழியில் வளர்ந்த அமைப்பின் முதுகெலும்பு, மக்கள் மிட்வைஃப் என்று சொல்லும் குடும்பநல உத்தியோகத்தர். 3,000 முதல் 5,000 பேர் வரை உள்ள ஒரு பகுதிக்கு அவர் பொறுப்பு. கருவுற்று எட்டு வாரத்துக்குள் பெண்ணைப் பதிவுசெய்வது அவருக்கான இலக்கு. வீட்டுக்குப் போவதும் கிளினிக் நடத்துவதும் எழுதி வைப்பதும் அவர் வேலை. அதாவது அங்கே முதலில் வந்தது ஆள், பிறகு பதிவேடு, அதன் பிறகுதான் உணவுப் பொட்டலம். திரிபோஷா என்ற அந்த மாவுப் பொட்டலம் 1973ல்தான் வந்தது.

தமிழ்நாட்டின் பாதை சோற்றிலிருந்து தொடங்குகிறது. காமராசர் காலத்து மதிய உணவும் 1982ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும் பசித்தவருக்கு முதலில் உணவு, பிறகு மற்றது என்ற நம்பிக்கையை இங்கே ஊன்றிவிட்டன. கர்ப்பிணிகளுக்கான திட்டங்களும் அதே வழியில்தான் வந்தன. 1975 அக்டோபர் 2ல் மத்திய அரசு தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் அங்கன்வாடியைக் கொடுத்தது. 1987ல் 300 ரூபாயோடு தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 2006ல் 6,000 ரூபாயாகவும் 2011ல் 12,000 ஆகவும் 2018ல் 18,000 ஆகவும் உயர்ந்தது. அந்தக் கடைசி உயர்வில் 4,000 ரூபாய் பணமாக வரவில்லை. சத்து மாவு, பேரீச்சம்பழம், ஆவின் நெய், இரும்புச்சத்து டானிக், குடற்புழு மாத்திரை அடங்கிய இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாக வந்தது. உழைக்கிற வயதில் ரத்தம் குறைந்து, வேலைக்குப் போனால்தான் அடுப்பெரியும் என்ற நிலையில் இருக்கும் பெண்ணுக்கு இந்தப் பணமும் பெட்டகமும் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைக் கிராமத்தில் பார்த்தவர்கள் அறிவார்கள். இதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. கேள்வி, அந்தப் பொருளோடு வரும் பாடத்தைப் பற்றியது.

இலங்கைப் பதிவேட்டிலிருந்து தொடங்குவோம். அங்கே கர்ப்பிணிக்கு இரண்டு பிரதிகள் எழுதப்படுகின்றன. எச் 512 ஏ தாயின் கையில் இருக்கும், எச் 512 பி சுகாதாரப் பணியாளரிடம் இருக்கும். அதில் ஒரு கட்டப்படம் உண்டு. குறுக்கே கர்ப்பத்தின் வாரங்கள், நெடுக்கே எடை. முதல் வருகையில் உயரமும் எடையும் அளந்து உடல் நிறைக் குறியீட்டைக் கணக்கிடுகிறார்கள். எடை எந்த வேகத்தில் ஏற வேண்டும் என்பது அந்தக் குறியீட்டின்படி மாறும். ஒவ்வொரு கிளினிக்கிலும் ஒரு புள்ளி விழுகிறது. முந்தைய புள்ளியோடு அதைச் சேர்த்துக் கோடு இழுத்தால் அது ஏறுகிறதா, சாய்கிறதா, நடுவில் படுத்துவிட்டதா என்பது எழுத்துத் தெரியாதவருக்கும் தெரியும். "போன மாதத்திலிருந்து கோடு ஏறேல்லை, என்ன சாப்பிடுறீங்கள்?" என்று யாழ்ப்பாணத்து மிட்வைஃப் கேட்கும்போது, பேச்சு அந்தப் பெண்ணின் உடம்பிலிருந்து தொடங்கி அவள் சமையலறைக்குப் போகிறது. உணவுப் பாடம் என்பது அந்தக் கேள்விக்குப் பிறகு வருவது.

தமிழ்நாட்டில் கர்ப்பிணியின் கையில் இருப்பது தாய்-சேய் நலப் பாதுகாப்பு அட்டை. வண்ணப் படங்களோடு அழகாக அச்சிட்ட அட்டை அது. பிறக்கப்போகும் குழந்தைக்கு அதில் வளர்ச்சி வரைபடம் இருக்கிறது. தாய்க்கு எடையை எண்ணாக எழுதும் கட்டம் இருக்கிறது. நர்ஸம்மா ஒவ்வொரு முறையும் 44, 45, 45 என்று எழுதுகிறார். அந்த மூன்று எண்களுக்குள் ஒளிந்திருக்கும் தேக்கத்தை எண்ணாகப் படித்துப் பிடிக்கப் பழகிய கண் வேண்டும். கோடாக இருந்தால் பக்கத்து வீட்டு அக்காவே சொல்லிவிடுவார். குழந்தைக்குக் கொடுத்த வரைபடத்தைத் தாய்க்கும் கொடுத்தால் அட்டைக்கு இன்னொரு பக்கம் கூடும், அவ்வளவுதான். அந்தப் பக்கத்துக்கு இடமில்லை என்றால் பழங்களின் படத்தை எடுத்துவிட்டாவது அதைச் சேர்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இரண்டு பெண்களை எண்ணிக்கொள்ளுங்கள். ஒருவர் ஐந்தடிக்குச் சற்றுக் குறைவாக, 150 சென்டிமீட்டர் உயரம், 40 கிலோ. உடல் நிறைக் குறியீடு 18க்குக் கீழே. இன்னொருவர் 152 சென்டிமீட்டர், 70 கிலோ. குறியீடு 30ஐத் தாண்டிவிட்டது. பல நாடுகளும் கையாளும் 2009ஆம் ஆண்டின் அமெரிக்க மருத்துவ நிறுவனத்தின் (IOM) பரிந்துரைப்படி முதலாமவர் கர்ப்பகாலத்தில் 12.5 முதல் 18 கிலோ வரை கூட வேண்டும். இரண்டாமவர் 5 முதல் 9 கிலோ கூடினால் போதும். முதல் பெண்ணுக்கு நெய்யும் பேரீச்சையும் வெல்லம் கலந்த மாவும் மருந்துக்குச் சமம். இரண்டாவது பெண்ணுக்கு அதே பெட்டகம், அதே துண்டறிக்கை, "இரண்டு உயிருக்குச் சாப்பிடு" என்ற அதே வாழ்த்து தீங்காகிவிடக்கூடும். பொதுவாகச் சொல்லப்படும் "10 முதல் 12 கிலோ கூட வேண்டும்" என்ற வரி இருவருக்குமே பொருந்தவில்லை. ஒரே அங்கன்வாடி எல்லைக்குள் இந்த இரண்டு பெண்களும் இன்று வசிக்கிறார்கள். ஒல்லியான தாயை மட்டும் மனத்தில் வைத்து எழுதிய பாடத்தின் காலம் முடிந்துவிட்டது.

சர்க்கரையின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். கர்ப்பகாலச் சர்க்கரை நோயைப் பற்றி இந்தியாவில் விழிப்பை உண்டாக்கியதில் சென்னை மருத்துவர் வி. சேஷையாவின் பங்கு பெரியது. அவர் முன்வைத்த பரிசோதனை மிக எளிது: வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை, 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும், அளவு 140 மில்லிகிராமைத் தொட்டால் கவனிக்க வேண்டும். பஸ் பிடித்து நெடுந்தூரம் வரும் கிராமத்துப் பெண்ணை மனத்தில் வைத்து உருவாக்கிய முறை அது. அவருடைய பிறந்த நாளான மார்ச் 10 இந்தியாவில் கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. பரிசோதனையை இவ்வளவு எளிதாக்கிய மாநிலத்தில் அதற்குப் பிந்தைய உணவுப் பாடமும் அதே எளிமையோடு இருக்க வேண்டும். அளவு கூடிய பெண்ணுக்குப் பெட்டகத்தில் எதை வைத்துக்கொள்ளலாம், எதைக் குறைக்க வேண்டும், சத்துமாவை எவ்வளவு எடுக்கலாம், சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் எதை வைக்கலாம் என்று தனி ஒரு தாள் வேண்டும். அப்படி ஒன்று இல்லாதபோது அந்தப் பெண் இரண்டில் ஒன்றைச் செய்கிறாள். எல்லாவற்றையும் சாப்பிடுகிறாள், அல்லது பயந்துபோய் எதையும் சாப்பிடாமல் இருக்கிறாள். பின்னது முன்னதைவிட மோசம்.

இனி மாவு. தமிழ்நாட்டுச் சத்துமாவில் கோதுமை, கேழ்வரகு, பொட்டுக்கடலை, வெல்லம் சேர்கின்றன. இலங்கையின் திரிபோஷா சோளமும் சோயாவும் அடிப்படையாகக் கொண்டது. 750 கிராம் பொதி, கர்ப்பிணிக்கு மாதம் இரண்டு. நாளுக்கு 50 கிராம் என்று கணக்கு வருகிறது. இரண்டுமே நல்ல உணவுகள். இரண்டுக்குமே ஒரே நோய் உண்டு: வீட்டில் பங்கு போடப்படுவது. பெரியவன் பள்ளிவிட்டு வந்ததும் கொஞ்சம், மாமனாருக்கு மாலையில் கஞ்சியாகக் கொஞ்சம் என்று பொட்டலம் பத்து நாளில் முடிந்துவிடும். இதைக் குற்றமாகப் பார்க்கக் கூடாது, இல்லாத வீட்டில் தாய் மட்டும் தனியாகத் தின்பதை எந்தத் தாய் மனமும் ஏற்காது. இந்தப் பங்கை ஒப்புக்கொண்டு எழுதினால்தான் பாடம் உண்மையாகும். "உங்களுக்கு மட்டும்" என்று பொட்டலத்தில் அச்சிடுவதைவிட, கர்ப்பிணியின் பங்கைக் காலையில் முதலில் எடுத்துத் தனி டப்பாவில் வைத்துவிடுங்கள் என்று சொல்வது நடக்கக்கூடியது. இங்கே கஞ்சி, அடை, கொழுக்கட்டை, உருண்டை என்று செய்முறைகளைச் செய்துகாட்டும் வழக்கம் அங்கன்வாடியில் வேரூன்றியிருக்கிறது. இலங்கையில் தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்து உருண்டை பிடிக்கும் வழக்கம் வீடுகளிலேயே உண்டு. செய்முறைப் பாடத்தில் தமிழ்நாடு ஒரு படி முன்னால் நிற்கிறது.

பொருள் தவறினால் பாடத்துக்கு என்ன ஆகும் என்பதை இலங்கை 2022ல் பார்த்தது. பொருளாதார நெருக்கடியில் மூலப்பொருள் கிடைக்காமல் திரிபோஷா உற்பத்தி தடைப்பட்டது. பருப்பும் முட்டையும் பால்மாவும் எட்டாத விலைக்குப் போயின. பதிவேட்டில் கோடு சாய்வதைத் துல்லியமாகக் காட்ட முடிந்தது, அதை நிமிர்த்தக் கொடுக்கப் பையில் எதுவும் இல்லை. கர்ப்பிணிகளுக்கு 20,000 ரூபாய் பெறுமதியான போஷாக்குக் கொடுப்பனவை 2015லேயே அந்நாட்டு அரசு கொண்டுவந்திருந்தது. விலை ஏறிய வேகத்தில் அத்தகைய தொகையின் மதிப்பு கரைந்தது. அளக்கத் தெரிந்த அமைப்புக்குக் கொடுக்கவும் கை வேண்டும் என்பதில் தமிழ்நாட்டின் பிடிவாதம் சரியானது. பெட்டகம் பணமாக இல்லாமல் பொருளாக வருவதன் பலமும் இங்கேதான் தெரிகிறது. விலை ஏறினாலும் நெய் நெய்யாகவே வரும்.

இரும்புச்சத்தைப் பற்றிய பாடம் இரு பக்கமும் தடுமாறும் இடம். இந்தியாவின் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. நூற்றில் ஐம்பதைத் தாண்டிய இந்த எண்ணைக் குறைக்க வேண்டிய சுவரொட்டியில் பெரும்பாலும் நடுநாயகமாக இருப்பது மாதுளை. 100 கிராம் மாதுளையில் அரை மில்லிகிராம் இரும்புகூட இல்லை. கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 27 மில்லிகிராம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. பழத்தின் சிவப்பு நிறம் ரத்தத்தை நினைவூட்டுவதால் ஓவியரும் அதை வரைகிறார், குடும்பமும் கிலோ 200 ரூபாய் கொடுத்து வாங்குகிறது. அந்தப் பணத்துக்கு முட்டையும் நெத்திலியும் கொண்டைக்கடலையும் வாங்கியிருக்கலாம். உண்மையில் இந்த இடைவெளியை நிரப்புவது மாத்திரைதான்: 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளது, நாலாம் மாதத்திலிருந்து குறைந்தது 180 நாள். அதைச் சாப்பிட்டால் வயிறு புரட்டும், மலம் கறுக்கும், சிலருக்குக் கட்டும். இதை முன்கூட்டியே சொல்லாத துண்டறிக்கையை நம்பிய பெண் மலத்தின் நிறத்தைப் பார்த்துப் பயந்து, மூன்றாம் நாளே மாத்திரையைத் தூக்கி எறிகிறாள். மலம் கறுப்பது இயல்பு, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்தால் புரட்டல் குறையும், சுண்ணாம்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்கக் கூடாது, டீயோடு விழுங்கவே கூடாது. இந்த நாலு வரிக்கு முன்னால் எந்தப் பழத்தின் படமும் நிற்காது.

இந்த இடத்தில் இரு கரைகளின் குணமும் அழகாகத் தெரிகிறது. இரும்பு உடம்பில் சேர வைட்டமின் சி உதவும் என்பது இருவருக்கும் தெரிந்த அறிவியல். இலங்கை அதை மாத்திரையாகவே கையில் கொடுத்துவிடுகிறது. கிளினிக்கில் இரும்பு மாத்திரையோடு வைட்டமின் சி மாத்திரையும் கிடைக்கும். தமிழ்நாடு அதைச் சொல்லாகக் கொடுக்கிறது: கீரைமேல் எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள், நெல்லிக்காய் ஒன்று கடித்துக்கொள்ளுங்கள் என்று. மாத்திரையை மறக்காத வரை இலங்கை வழி உறுதியானது. பிரசவம் முடிந்து மாத்திரை நின்ற பிறகும், அடுத்த மகள் வயதுக்கு வந்த பிறகும் வீட்டில் தங்குவது எலுமிச்சைப் பழக்கம். இந்த ஒன்றில் நான் தமிழ்நாட்டின் பக்கம்.

தேநீர் என்று வந்ததும் இலங்கையின் மலையகத்தை விட்டுவிட்டுப் போக முடியாது. தமிழ்நாட்டிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோட்டங்களுக்குப் போனவர்களின் வழிவந்த பெண்கள் அங்கே இன்றும் கொழுந்து பறிக்கிறார்கள். இந்த ஒப்பீட்டின் இரு பக்கமும் சந்திக்கும் இடம் அவர்களுடைய லயம் என்ற வரிசை வீடு. காலையில் கோதுமை மாவு ரொட்டியும் சம்பலும், கூடவே பிளேன்டீ. மலையில் ஏறி இறங்கும் வேலைக்கு நடுவில் மறுபடி டீ. யாழ்ப்பாணத்துக்கு எழுதிய தாளில் வரும் மீன் அவர்களுக்கு நாள்தோறும் கிடைக்காது. சென்னைத் தாளில் வரும் கேழ்வரகுக் களி அவர்கள் அடுப்பில் இல்லை. அவர்களுக்கான பாடம் ரொட்டியிலிருந்துதான் தொடங்க வேண்டும்: மாவோடு முருங்கையிலையை நறுக்கிப் பிசைவது, சம்பலில் நெத்தலிக் கருவாட்டைச் சேர்ப்பது, முதல் நாள் ஊறவைத்த கௌபியை (தட்டைப்பயறு) அவித்துக் கொழுந்துக் கூடையோடு எடுத்துப்போவது, டீயைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளி வைப்பது. நாள் முழுதும் டீ குடிப்பவளிடம் டீயை விடு என்றால் விட மாட்டாள், தள்ளி வை என்றால் கேட்பாள்.

அளவைச் சொல்வதிலும் இரு பக்கமும் வேறுபடுகின்றன. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல் வெளியிட்ட வழிகாட்டி கிராம் கணக்கில் பேசுகிறது. நாளுக்குப் பருப்பு, முட்டை, இறைச்சி வகை சேர்ந்து 85 கிராம் என்கிறது. விஞ்ஞானத்துக்கு அது வேண்டும்தான், தாளில் அப்படியே அச்சிட்டால் வீட்டில் தராசு இல்லாதவள் என்ன செய்வாள்? இலங்கை வழிகாட்டிகளின் தேநீர்க் கோப்பை அளவு கைக்கு எட்டுகிறது. கர்ப்பகாலத்தில் நாளுக்குக் கூடுதலாக 350 கிலோ கலோரி வேண்டும் என்பதையும் இப்படித்தான் மொழிமாற்ற வேண்டும்: ஒரு டம்ளர் பால், ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், ஒரு வாழைப்பழம். ஏறக்குறைய கணக்கு சரியாகிவிடும். இரண்டு உயிருக்குச் சாப்பிடுவது என்றால் இரண்டு தட்டுச் சோறு என்று எண்ணியிருந்த குடும்பம் இதைப் பார்த்துத் திகைக்கும். கூடுதல் என்பது இவ்வளவு சின்னதா என்ற அந்தத் திகைப்பு ஒல்லியான பெண்ணுக்கு நம்பிக்கையைக் கொடுக்கும், பருத்த பெண்ணுக்கு எல்லையைக் காட்டும்.

மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். "நெறையத் தின்னா புள்ள பெருசாயிடும், அப்புறம் வயித்தக் கிழிக்கணும்" என்று தஞ்சாவூர்ப் பக்கம் சொல்வதையே "கனக்கச் சாப்பிட்டால் பிள்ளை பெருத்திடும் பிள்ளை, கவனம்" என்று வடமராட்சியில் சொல்வார்கள். இங்கே கத்தரிக்காய் கரப்பான் என்று விலகும், அங்கே கிரந்தி என்று விலகும். எள் சூடு என்று இரண்டு பக்கமும் ஒதுக்கி, சுண்ணாம்புச்சத்து நிறைந்த ஒரு பொருளை இழக்கிறார்கள். பப்பாளியும் அன்னாசியும் கருவைக் கலைத்துவிடும் என்ற அச்சம் பொதுச் சொத்து. கையேடுகள் இவற்றை மூடநம்பிக்கை என்று ஒரு வரியில் தள்ளிவிடுகின்றன, அல்லது பேசாமல் போய்விடுகின்றன. இரண்டுமே தப்பு. 2002ல் சிங்கப்பூரில் எலிகளை வைத்து நடந்த ஆய்வில், நன்றாகப் பழுத்த பப்பாளியால் கருப்பை சுருங்கவில்லை, காயில் வடியும் பாலால் சுருங்கியது. ஆக மாமியார் சொல்வதில் பாதி சரி. காயைத் தவிர்க்கச் சொன்ன அவர் அனுபவத்தை மதித்து, பழுத்தது வேறு என்று எடுத்துச் சொல்லும் தாள் அவரைத் தன் பக்கம் சேர்த்துக்கொள்ளும். அப்படியும் வேண்டாம் என்றால் கொய்யாவைக் காட்டிவிட்டு மேலே போகலாம், ஒரு பழத்துக்காகச் சண்டை வேண்டாம். சாப்பாட்டையே குறைக்கச் சொல்லும் பேச்சோடுதான் முழுப் பலத்தோடு மோத வேண்டும். அதுதான் எடை குறைந்த குழந்தையைக் கொண்டுவருவது.

கர்ப்பிணியை மட்டும் உட்காரவைத்துச் சொல்லும் பாடம் அவள் கையில் கரண்டி இல்லாத வீட்டில் எடுபடாது. இதைத் தமிழ்நாடு தன் பாணியில் கண்டுகொண்டது. அங்கன்வாடி மூலம் நடக்கும் சமுதாய வளைகாப்பு இந்தத் துறையில் நான் பார்த்த மிகச் சிறந்த யோசனை. வளையல், சந்தனம், குங்குமம், மாலை. சொந்த வீட்டில் வளைகாப்புக்கு வழியில்லாத பெண்ணும் அன்று நாற்காலியில் ராணிபோல் உட்காருகிறாள், மாமியாரும் நாத்தனாரும் அம்மாவும் எதிரே உட்காருகிறார்கள். எந்த வகுப்பறையும் கூட்ட முடியாத கூட்டம் அது. இலங்கையில் கணவனையும் அழைக்கும் கர்ப்பகால வகுப்புகள் இருந்தாலும் இந்தக் கொண்டாட்டத்தின் ஈர்ப்பு அவற்றுக்குக் கிடையாது. ஆனால் விழாவில் பரிமாறப்படுவதைப் பாருங்கள்: புளிச்சாதம், எலுமிச்சைச் சாதம், தக்காளிச் சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்ச்சாதம். ஐந்தும் சோறு. பக்கத்து மேசையில் காய்கறி, கீரை, பயறு, முட்டை எல்லாம் கோலம்போல் அடுக்கியிருக்கும், அட்டையில் பெயர் எழுதியிருக்கும். பார்ப்பதற்கு ஒன்று, வாய்க்குள் போவதற்கு வேறொன்று. சடங்கின் ஐந்து என்ற எண்ணைக் காப்பாற்றிக்கொண்டே அதை மாற்றலாம். இரண்டு சாதம் போதும். முருங்கைக்கீரைப் பொரியல், சுண்டல், அவித்த முட்டை என்று மற்ற மூன்றையும் வைத்து, பொரியல்மேல் எலுமிச்சையை மாமியார் கையாலேயே பிழியச் சொன்னால், அன்றைக்கு ஒரு துண்டறிக்கைகூடத் தேவைப்படாது. முட்டை சாப்பிடாத வீட்டார் இருந்தால் அவர்கள் இலையில் இன்னொரு கரண்டிச் சுண்டல்.

இரண்டையும் சேர்த்து ஒரு தாள் எழுதச் சொன்னால் அதன் முன்பக்கத்தில் நான் உணவுப் படம் எதையும் போட மாட்டேன். வெறும் தட்டு ஒன்றின் கோட்டுருவம், அதன்மேல் ஒரே ஒரு கேள்வி. இங்கே "நேத்து காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் என்னம்மா சாப்பிட்டீங்க?", அங்கே "நேற்றுக் காலமையிலயிருந்து இரவு வரைக்கும் என்ன சாப்பிட்டனீங்கள்?" பெண் சொல்லச் சொல்ல ஊழியர் தட்டில் எழுத வேண்டும். நாலு வேளை இட்லியும் சோறும் மட்டும் வந்தால் அதுவே கண்ணில் படும். பிறகு அந்தத் தட்டில் ஒரே ஒரு பொருளை மட்டும் சேர்த்து வட்டமிட வேண்டும், அதுவும் அவள் வீட்டில் இருப்பதாக அல்லது தெருமுனைக் கடையில் கிடைப்பதாக. பின்பக்கம் இலங்கைப் பதிவேட்டின் எடைக் கோடு. மாத்திரையைப் பற்றிய நாலு வரிகள் அதன் கீழே. மாமியாருக்குத் தனியாக ஒரு சிறு தாள், பெரிய எழுத்தில், அவரை அத்தை என்று அழைத்துப் பேசுவதாக.

இப்படி ஒரு தாளை நிரப்ப ஒரு பெண்ணுக்குக் குறைந்தது பத்து நிமிடமாவது பிடிக்கும். தமிழ்நாட்டுக் கிராம சுகாதாரச் செவிலியர் ஏறத்தாழ 5,000 பேருக்குப் பொறுப்பானவர். தடுப்பூசி, பிரசவக் கணக்கு, கணினிப் பதிவு என்று அவர் நாள் ஏற்கெனவே வழிகிறது. இலங்கை மிட்வைஃபும் சும்மா இருப்பவர் அல்ல, ஆளில்லாத பக்கத்துப் பகுதியையும் சேர்த்துப் பார்ப்பவர்கள் அங்கே உண்டு. அச்சகத்துக்கு வாசகம் போவதற்கு முன்பே, அந்தப் பத்து நிமிடத்துக்காக அவர்களுடைய எந்த வேலையை யார் எடுத்துக்கொள்வது என்று முடிவாக வேண்டும். கணினிப் பதிவை வேறொருவருக்கு மாற்றலாம், எடை பார்க்கும் நாளில் வரிசையில் காத்திருக்கும் நேரத்தில் அங்கன்வாடி டீச்சர் தட்டை நிரப்பி வைக்கலாம். இரண்டில் எது நடக்கும் என்பதை அவர்களிடமே கேட்டு, அவர்கள் சொல்வதற்கு ஏற்பத் தாளின் நீளத்தைக் குறைக்கவும் நாம் தயாராக இருக்க வேண்டும்.